நூற்றைம்பது மில்லிமீட்டர்

அன்றைக்குப் போயா. ஞாயிறு வேறு.
பெரட்டு இல்லை, கொழுந்து இல்லை.
ஏழு மணி இருக்கும்,
பீலிக்கரைப் பீப்பாயில்
காற்றில்லாமல் தண்ணீர் ஆடியது.
யாரோ அடியில் பிடித்து
மெல்லச் சாய்த்து, மெல்ல நிமிர்த்துவது போல.
கொழுந்து லொறி என்று நினைத்தேன்.
லொறி ஓடாத நாள் என்பது
குடத்தை இடுப்பில் வைத்த பிறகுதான் உறைத்தது.
அதற்கும் ஒன்றும் செய்யவில்லை.
காமராவுக்குப் போய் ரொட்டிக்கு மாப் பிசைந்தேன்.

தம்பி சந்தனராஜும் அந்நேரம்
மாப் பிசைந்துகொண்டுதான் இருந்திருப்பான்,
பொத்துவிலில், இஸ்மாலெவ்வை முதலாளியின் பேக்கரியில்.
போரணைக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு ரோடு, ஒரு தென்னை வரிசை.
தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்:
"கடல் நம்ம மலை மாதிரி இல்லக்கா,
சரியாது. பயமில்லாமத் தூங்கலாம்."

பத்து வருடம் கழித்து
மழைமானி பூட்ட வந்த வீரக்கோன் மாத்தயா
சிகரெட் பெட்டியைக் கிழித்து வரைந்து காட்டினார்.
சுமத்திராவுக்குப் பக்கத்தில், கடலடியில்,
ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் கீழே
நகம் வளரும் வேகத்தில் நுழைகிறதாம்.
மேலே கிடப்பது விட்டுக்கொடுக்காமல்
ஒட்டிக்கொண்டே வளையுமாம், நூறு நூறு வருடமாக.
எனக்கு விளங்கியது.
கவ்வாத்து மலையில் வளைந்த வாதை மிதித்துக்கொண்டு நிற்போம்,
காலை எடுத்தால் முகத்தில் அடிக்கும்.
அதேதான் என்றார்.
அடி விழுந்தது முகத்தில் அல்ல,
மேலே கிடந்த முழுக் கடலில்.

பிறகு அவர் சொன்னதைத்தான்
இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.
நடுக்கம் பாறை வழியே ஓடி
பத்து நிமிடத்துக்குள் நம் மலையைத் தொட்டுவிட்டதாம்.
தண்ணீருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாம்:
ஆழத்தில் விமானம் போலப் பறந்து,
கரையை நெருங்க நெருங்கத் தளர்ந்து,
தளர்ந்த வேகமெல்லாம் உயரமாகி.

அப்படியானால்
பீப்பாயில் ஆடியது தந்தி.
சாவு விழுந்த பிறகுதான் லயத்துக்குத் தந்தி வரும்.
சாவுக்கு முன்னால் வந்தது
இது ஒன்றுதான்.
அதை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

ஒன்றரை மணி நேரம்.
லுணுகலையில் ஏறியவர் பிபிலையில் இறங்கித்
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.
ஒரு பையன் மாவுக் கையோடு
மேட்டுப்பக்கம் நடந்தே போயிருக்கலாம்,
நடுவில் நின்று பீடியும் பற்றவைத்து.

மூன்றாம் நாள் தேடிப் போனோம்.
கிணறெல்லாம் உப்பு.
தென்னையின் கழுத்தில் ஒரு பாண் தட்டு.
முதலாளி ஒரு சேர்ட்டைக் கொண்டுவந்து தந்தார்.
அது அவனுடையது இல்லை.
அவர் வீட்டிலேயே நாலு பேரைக் காணவில்லை,
அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது.
வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் மலையில் வெடிப்பு.
எட்டாம் லயத்துக்கு மேலே, கை நுழையும் அகலம்.
வேறிடத்தில் வீடு தருவதாக
மூன்று முறை பெயர் எழுதிக்கொண்டு போனார்கள்.
மழைமானி என் பொறுப்பு, சம்பளம் கிடையாது.
எழுபத்தைந்து என்றால் விழித்திரு,
நூறு என்றால் மூட்டையைக் கட்டு,
ஒரே நாளில் நூற்றைம்பது என்றால் இறங்கி ஓடு.

நூற்றைம்பது இரண்டு தடவை வந்தது.
இரண்டு தடவையும் நடு ராத்திரி தகரம் தட்டினேன்.
பள்ளிக்கூடத் தரையில் ஈரச் சாக்கில் படுத்துக் கிடந்தோம்.
விடிந்தது. மலை அப்படியே நின்றது.
"ஒன் தம்பி செத்ததுக்கு
எம் புள்ளைக்கு ஏன் சளி புடிக்கணும்?"
என்று கேட்டாள் பவளக்கொடி.
பதில் இல்லாத கேள்வி,
இன்றும் பீலிக்கரையில் அவளோடு பேச்சு இல்லை.

நேற்று ராத்திரி டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
நூற்றிமுப்பத்தெட்டு.
பன்னிரண்டு குறைவு.
மழை விட்டும் விடாமலும் தூறியது,
எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.
பீப்பாயில் தண்ணீர் அசையவில்லை.
தகரத்தை எடுத்தேன்.